வெயில் பார்க்காத உப்பு

பாலக்காட்டுப் பக்கம், முதலமடையில் அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கினேன். வாசல் முழுக்கச் சாமான்கள் காய்ந்துகொண்டிருந்தன. பாய், தலையணை, பிளாஸ்டிக் நாற்காலி, மாங்காய்ப் பெட்டிகள், சுவரில் மாட்டும் காலண்டர்கூட. நடுவே ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் கல்லுப்பைப் பரப்பியிருந்தார்கள். சித்திரை வெயிலில் அது பளபளத்துக் கண்ணைக் கூச வைத்தது.

அந்த உப்புக்காகத்தான் நான் கோயமுத்தூரிலிருந்து அடித்துப் பிடித்து வந்திருந்தேன்.

"வாங்க அம்மிணி, வாங்க. எல்லாத்தையுங் கழுவி வெயில்ல போட்டாச்சுங்க. ஒரு சாமானக்கூட விடலைங்க" என்றார் மயிலாத்தாள் அக்கா. குரலில் அத்தனை நிம்மதி.

"உப்பையுமாங்க?"

"அதத்தானுங்க மொதல்ல கொட்டுனேன். புள்ள தொட்டுத் தின்ன உப்பாச்சே."

நான் அப்படியே கார் கதவில் சாய்ந்துகொண்டேன். கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மூலையில் வைத்த பெட்டி

கதிர்வீச்சை அளப்பது என் பிழைப்பு என்று இந்தத் தொடரில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். அது கடவுளைப் போலக் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது, மணக்காது என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். தெரியாதது உங்கள் கண்ணுக்கு. உப்புக்குத் தெரியும், செங்கல்லுக்குத் தெரியும், உங்கள் கடைவாய்ப் பல்லுக்குத் தெரியும். கேட்கத் தெரிந்தால் சொல்லும்.

கோகிலா என் பெரியப்பா மகனின் பெண். நாங்கள் கோவிந்தாபுரத்துக்காரர்கள். அவளை முதலமடையில் மாந்தோப்பும் மாங்காய்க் கொட்டகையும் வைத்திருக்கும் சிவக்குமாருக்குக் கட்டிக்கொடுத்தோம். மயிலாத்தாள் அக்கா அவளுடைய மாமியார். வீட்டை ஒட்டியே கொட்டகை. கொட்டகையின் ஓரத்தில் ஒரு சின்ன ஆபீஸ் அறை. லாரிக்காரர்களிடமும் வடக்கத்தி வியாபாரிகளிடமும் போனில் பேசி, எந்த வண்டியில் எத்தனை பெட்டி ஏற்றுவது என்று முடிவு செய்வது கோகிலாதான். அவள் குரலுக்கு லாரிக்காரர்கள் பயப்படுவார்கள்.

சீசன் முடியும் நேரத்தில் கொட்டகை பாதி காலியாக இருந்தது. அந்தப் பக்கம் குழாய் பதிக்கிற கம்பெனி ஒன்று சாமான் வைக்க இடம் கேட்டது. சிவக்குமார் சுவரோரம் ஒரு மூலையைக் கொடுத்தான். வந்த சாமான்களோடு குழாய் ஒட்டுப்போட்ட இடத்தைப் படமெடுத்துப் பார்க்கிற கருவியும் ஒரு பெட்டியில் வந்து இறங்கியது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே போலத்தான், ஆனால் இரும்பை ஊடுருவுகிற வேகம். அதற்குள்ளே கதிர் வீசும் குளிகை ஒன்று, கனத்த கவசத்துக்கு நடுவில் இருக்கும். படம் எடுக்கும்போது வெளியே தள்ளி, முடிந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக இழுத்தபோது அது முழுவதும் உள்ளே போகவில்லை. வாயிலேயே நின்றுவிட்டது.

அப்படியே கொட்டகையில் உட்கார்ந்திருந்தது. கம்பெனி ஆட்கள் சட்டையில் கதிரை அளக்கும் பட்டை குத்தியிருப்பார்கள். மாங்காய் ஏற்றுகிறவளுக்கு யார் பட்டை குத்துவது?

விஷயம் தெரிந்ததும் அதிகாரிகள் வந்தார்கள், பெட்டியை முறைப்படி எடுத்துப் போனார்கள். "பேடிக்கண்ட, பேடிக்கண்ட" என்று, பயப்பட வேண்டாம் என மலையாளத்தில் தைரியம் சொன்னார்கள். கதிரை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்ததில் கொட்டகையில் ஒன்றுமே இல்லை. இருக்காதுதான். எரிகிற விளக்கை வெளியே கொண்டுபோன பிறகு அறையில் வெளிச்சத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கோகிலா அப்போது நான்காம் மாதம். முன்பு இரண்டு தங்கவில்லை. இது தங்கியிருந்தது.

அவளைப் பார்த்துவந்த டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டு முகம் வெளிறிப் போனாராம். எவ்வளவு பட்டது என்று தெரியாத நிலையில் துணிய வேண்டாம், கலைத்துவிடுவதே நல்லது என்று சொல்லி, வருகிற வெள்ளிக்கிழமைக்கு வரச் சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எவ்வளவு என்று தெரியாதபோது மனம் மிகப் பெரிய அளவைத்தான் நினைக்கும். அந்த 'எவ்வளவு' என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

பல் கேட்ட கதை

உப்பு எப்படிச் சொல்லும் என்று கேட்பீர்கள். கல்லுப்பை உடைத்துப் பார்த்தால் கட்டம் கட்டமாக இருக்கும், இல்லையா? அந்தக் கட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டு. கதிர் பாயும்போது உள்ளே சில துகள்கள் இடம் பெயர்ந்து இந்தக் குழிகளில் விழுந்து மாட்டிக்கொள்ளும். இருட்டில் இருக்கிற வரைக்கும் அங்கேயே கிடக்கும். வெளிச்சம் பட்டால் துள்ளி வெளியே வரும். வரும்போது துளியூண்டு ஒளியை விட்டுவிட்டு வரும். அந்த ஒளியை இருட்டறையில் அளந்தால் எவ்வளவு கதிர் பட்டது என்று சொல்லிவிடலாம்.

உப்பளத்தில் வெயிலிலேயே விளைவதால், உப்பு எல்லாவற்றையும் மறந்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறது. மூடிய ஜாடிக்குள் போன பிறகுதான் அதன் ஞாபகம் தொடங்கும்.

பல்லும் அப்படித்தான், ஆனால் அதைப் பிடுங்க வேண்டும். நான் இந்த வேலையில் சேர்ந்த புதிதில், சோதனைக்குப் பல் வேண்டும் என்று சொந்தக்காரர்களிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் காகிதத்தில் பொதிந்த பல்லோடு வந்து நிற்பார். ஒரு முகூர்த்தத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தாலி கட்டும் நேரத்தில் என் உள்ளங்கையில் தன் கடைவாய்ப் பல்லை வைத்தார். "நல்லாக் கழுவிட்டேனுங்க" என்றார். அட்சதையும் பல்லும் ஒரே கையில். எதைப் போடுவதென்று ஒரு கணம் குழம்பித்தான் போனேன்.

என்னோடு ஆய்வகத்தில் இருக்கும் செல்வராணிக்கு உப்பின்மேல் தனிப் பிரியம். அவள் சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் துணியில் முடிந்த உப்பு இருக்குமாம், அட்டை கடித்தால் தேய்க்க. ஒரு தடவை எங்கள் சோதனைக்காக அங்கே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் உப்பு கேட்டுப் போனோம். அத்தனை பேரும் அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு, "சமைக்க வேற இல்லாமலா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று பரிதாபப்பட்டார்கள்.

ஆகவே கோகிலாவின் விஷயம் கேள்விப்பட்டபோது நான் பதறவில்லை. அவளுக்குப் போன் செய்து கேட்டேன்: "கொட்டகைல உப்பு வெச்சிருக்கியா கண்ணு?"

"இல்லாமங்களா அத்தை? மாங்காய அரிஞ்சு உப்பு மொளகாய்ப்பொடில தொட்டுக்குவனே. மேசை மேலயே பீங்கான் ஜாடில இருக்குதுங்க."

அந்தப் பதிலில் எனக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. மசக்கைக்காரி, மாங்காய்க் கொட்டகை, மேசைமேல் மூடி போட்ட பீங்கான் ஜாடி. விலை கொடுத்து வாங்கி வைத்தாலும் அதைவிட நல்ல அளவுகோல் அமையாது. ஜாடியைத் திறக்காதே, நான் வருகிறேன் என்றேன்.

அவள் திறக்கவில்லைதான். நாங்கள் பேசுவதற்கு முன்பே மாமியார் திறந்து கொட்டிவிட்டிருந்தார். அது இவளுக்குத் தெரியாது.

அம்மை போட்ட வீடு

"நீங்க ஏனுங்க இப்பிடி உக்காந்துட்டீங்க?" என்று மயிலாத்தாள் அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். "அம்மை போட்ட ஊட்டுல என்ன பண்ணுவோமோ அதத்தானுங்க பண்ணுனோம். மஞ்சத்தண்ணி தெளிச்சு, வேப்பெல கட்டி, அத்தனையும் வெயில்ல போட்டோம். தப்புங்களா?"

அம்மைக்கு அது சரி. கண்ணுக்குத் தெரியாத ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டது என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்வது இதைத்தான். ஆனால் இதற்கு அது சரிப்படாது; வெயிலில் போட்ட அந்த நிமிஷமே ஜாடி உப்பு எல்லாவற்றையும் மறந்துவிட்டது. அதை அவர்களிடம் அப்படியே சொன்னேன். எனக்கு நாசூக்கு வராது.

அவர் முகம் செத்துப்போயிற்று. கையில் இருந்த சொம்பைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார்.

"சரி, விடுங்க. போன் எங்கே கண்ணு?" என்று கோகிலாவைக் கேட்டேன். செல்போனுக்குள்ளே இருக்கும் சின்னச் சின்னச் சில்லுகளும் கதிரை ஞாபகம் வைத்திருக்கும்.

கோகிலா புருஷனைப் பார்த்தாள். சிவக்குமார் தரையைப் பார்த்தான். "அதுலயும் பட்டிருக்கும்னு பயந்துட்டு, கொல்லங்கோட்டுல குடுத்துட்டுப் புதுசு வாங்கிட்டேனுங்க" என்றான்.

கொட்டகைச் சுவர் இருந்தது. செங்கல்லைப் பெயர்த்து எடுத்து, அரைத்து, பிரித்து, அளந்து முடிக்கப் பல வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை அதுவரை காத்திருக்காது.

கோகிலா வேட்டியில் இருந்த உப்பைக் கையால் அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். லாரிக்காரர்களை அதட்டுகிற பெண் அப்படி அமர்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எழுந்து கொட்டகைக்குள் போனேன்.

தலைக்கு மேலே

ஆபீஸ் அறையைத் துடைத்து வைத்தாற்போல் காலி செய்திருந்தார்கள். மேசை மட்டும் இருந்தது. நான் வாசற்படியில் நின்று, பெட்டி இருந்த மூலையையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தலையில் ஏதோ இடித்தது.

நிமிர்ந்து பார்த்தேன். நிலைப்படியில் ஒரு கறுப்புத் துணி மூட்டை தொங்கியது. திருஷ்டி மூட்டை.

நம் பக்கத்துக் கடைகளில் எங்கும் பார்க்கலாம். கல்லுப்பு, படிகாரம், வரமிளகாய் எல்லாவற்றையும் கறுப்புத் துணியில் இறுக்கி முடிந்து வாசலில் கட்டுவார்கள். வியாபாரத்துக்குக் கண் படக்கூடாது. இந்த அறையில் கர்ப்பிணி வேறு உட்கார்ந்திருந்தாள். துணியை மூன்று நான்கு மடிப்பாக மடித்துக் கட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தால் கல் கல்லாக உப்பு நெருடியது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவும் செய்தேன்.

"அக்கா! இத ஏன் வெயில்ல போடலைங்க?"

மயிலாத்தாள் அக்கா ஓடி வந்தார். "அய்யோ, அதத் தொடாதீங்க. அத ஆருங்க வெயில்ல போடுவாங்க? அது கண்ணு வாங்கிட்டுத் தொங்குறதுங்க."

"எப்பக் கட்டுனது?"

"அமாவாசைக்கு அமாவாசை மாத்துவனுங்க. போன அமாவாசைக்குக் கட்டுனது."

"கம்பெனிப் பெட்டி வந்தது?"

"அதுக்கும் பொறவுதானுங்க."

பெட்டி வந்ததிலிருந்து போகிற வரைக்கும் இது இங்கேயே தொங்கியிருக்கிறது. அடுத்த கேள்வியைக் கேட்க எனக்கே பயமாக இருந்தது. "இனி எப்ப மாத்துவீங்க?"

"நாளைக்குத்தான் அமாவாசை. அவுத்து அடுப்புல போட்டுருவேன். படபடன்னு வெடிக்குமுங்களே."

நெருப்பில் போட்டாலும் உப்பு எல்லாவற்றையும் மறந்துவிடும். நான் ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் அவ்வளவுதான்.

"இத எனக்குக் குடுங்க" என்றேன்.

அவர் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டார். "மாட்டேனுங்க. என்ன வேணாலுங் கேளுங்க, இத மட்டுங் கேக்காதீங்க. ஒரு சாமானக் காய வெச்சுக் கெடுத்தது போதாதுன்னு இதையுங் கெடுக்கச் சொல்றீங்களா? இத அவுத்து ஆராச்சும் ஊட்டுக்குக் கொண்டுபோனா, புள்ளமேல உழுந்த கண்ணெல்லாம் அவிங்க மேல ஏறிக்கும். நீங்களும் ஒரு பொண்ணுதானுங்களே. உங்களுக்கு ஒண்ணு ஆனா நான் ஆருக்குப் பதில் சொல்றது?"

நான் வாதாடத் தயாராகத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று புரிந்ததும் ஓர் அடி பின்வாங்கினேன்.

பின்னாலிருந்து கோகிலா பேசினாள். "அத்தை" என்றாள். எங்கள் இருவருக்கும் அதுதான் அழைப்பு. ஆனால் பார்த்தது மாமியாரைத்தான். "அது எம்பட தலைக்கு மேலயே தொங்கிட்டு இருந்துச்சுங்க. எம்மேல என்ன உழுந்துச்சுன்னு அதுக்குத்தான் தெரியும். வாங்குனத எல்லாம் சொல்லிப்போட்டுப் போகட்டுமுங்க. சொல்லாம அடுப்புக்குப் போச்சுன்னா வெள்ளிக்கெழம நான் அங்க போய்ப் படுக்கோணும்."

மயிலாத்தாள் அக்கா மறித்திருந்த கைகளைத் தாழ்த்தினார்.

ஒரு நாளை நடித்துக் காட்டு

மூட்டையைப் பிரிக்காமல், தொங்கவிட்டிருந்த கயிற்றை மட்டும் அவரே அவிழ்த்தார். நான் கேட்டுக்கொண்டபடி, மாங்கன்று நடுகிற கறுப்பு பாலித்தீன் பைகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு அதற்குள் இறக்கினார். வெளிச்சம் ஒரு துளி படவில்லை. கையில் கொடுப்பதற்கு முன் கோகிலாவை உட்கார வைத்து, அந்தப் பையாலேயே மூன்று சுற்றுச் சுற்றினார். நான் தடுக்கவில்லை. சுற்றுவதால் அளவு மாறாது.

அதன்பிறகு கோகிலாவிடம், "பெட்டி இருந்த நாள்ல ஒரு நாளை அப்படியே நடிச்சுக் காட்டு" என்றேன். எங்கே உட்கார்வாய், எங்கே நிற்பாய், எங்கே தண்ணீர் குடிப்பாய். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், ஜன்னலோரம் நின்று போன் பேசுவதுபோல் பேசினாள், இல்லாத லாரிக்காரனை இரண்டு திட்டுத் திட்டினாள். சிவக்குமார் முதல்முறையாகச் சிரித்தான். அவள் நிற்கிற இடத்துக்கெல்லாம் பெட்டி மூலையிலிருந்து நூல் பிடித்து அளந்தேன்.

"மத்தியானத்துல அங்க சாஞ்சுக்குவா. அதச் சொல்லலை பாருங்க" என்று மயிலாத்தாள் அக்கா எதிர்ச் சுவரோரத்தைக் காட்டினார். பெட்டியின் பக்கம் போனாயா என்று அழுத்திக் கேட்டேன். அந்தப் பக்கம் பல்லி உண்டு, போகவே மாட்டேன் என்றாள். பல்லிகளுக்கு நன்றி.

எல்லா இடமும் மூட்டை தொங்கிய நிலைப்படியைவிடப் பெட்டிக்குத் தள்ளியே இருந்தன. மேலும் ஒன்று. கோகிலா சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் போய்விடுவாள், மூட்டை போகாது. ஆகவே மூட்டைக்கு விழுந்ததைவிட அவளுக்கு அதிகமாக விழுந்திருக்க வழியே இல்லை. மூட்டை எவ்வளவு சொன்னாலும் அவளுக்கு அதற்குக் கீழேதான்.

கிளம்பும்போது மயிலாத்தாள் அக்கா, "திரும்பிப் பாக்காமப் போங்க அம்மிணி" என்றார். கோயமுத்தூர் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியையும் பார்க்கவில்லை என்று எழுதினால் போக்குவரத்துப் போலீஸார் கோபித்துக்கொள்வார்கள். வழியில் கோவிந்தாபுரத்தில் நின்று, அவர்கள் வழக்கமாக உப்பு வாங்கும் கடையில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பை உப்பு மட்டும் வாங்கிக்கொண்டேன்.

சிவப்பு விளக்கில்

எங்கள் அளவை அறையில் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரியும். உப்புக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாக உறைக்காது. செல்வராணி மூட்டையைப் பிரித்து, துணியை ஒட்டியிருந்த உப்பை ஒதுக்கிவிட்டு, நடுவயிற்றிலிருந்து சிட்டிகை சிட்டிகையாக எடுத்தாள். மிளகாய்க் காரத்தில் இருவரும் மாறி மாறித் தும்மினோம்.

முதலில் கடை உப்பு. கோடு திரையில் தரையோடு தரையாகப் போயிற்று. அடுத்து மூட்டை உப்பு. கோடு சடாரென்று எழும்பியது.

"பட்டிருக்குக்கா" என்றாள் செல்வராணி மெதுவாக.

ஆமாம், பட்டிருந்தது. ஒன்றுமே இல்லை என்று வராது என எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்தபோது அளக்கிறவளாக இருக்க முடியவில்லை, கோகிலாவின் அத்தையாக மட்டும் நின்றேன். 

எழும்புவது முக்கியமில்லை, எவ்வளவு எழும்புகிறது என்பதுதான் முக்கியம். அதே உப்புக்கு நாங்களே தெரிந்த அளவு கதிர் கொடுத்து, எந்த அளவுக்கு அதே உயரம் வருகிறது என்று பார்த்தோம். இன்னொரு சிட்டிகை, இன்னொரு சிட்டிகை. எல்லாம் ஒரே பதிலைச் சொல்லின. வயிற்றுப் பிள்ளைக்கு இதற்குமேல் போனால்தான் கவலை என்று மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லைக்கு, மூட்டை வாங்கிய மொத்தமே நன்றாகக் கீழே நின்றது. கோகிலாவுக்கு அதிலும் சின்னப் பங்கு.

"ஏங்க்கா, இதுக்கா அந்தப் பிள்ளையக் கலைக்கச் சொன்னாக?" என்றாள் செல்வராணி. சொல்லிவிட்டு மறுபடியும் தும்மினாள்.

வெள்ளிக்கிழமை

அறிக்கையை நானே எடுத்துக்கொண்டு அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார். நல்ல கேள்விகள் கேட்டார். உப்பை எப்படி நம்புவது என்றார், சொன்னேன். அளவில் எத்தனை தப்பு வரலாம் என்றார், அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றேன்.

"குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதியாகச் சொல்வீர்களா?" என்று கடைசியாகக் கேட்டார்.

"எந்தக் குழந்தைக்கும் அப்படி யாராலும் சொல்ல முடியாது டாக்டர். இந்தப் பெட்டியைக் காரணமாகச் சொல்லி இதைக் கலைக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் அந்த வாரம் தூக்கம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். "நீ என்னம்மா சொல்றே?" என்று கோகிலாவிடம் திரும்பினார்.

"இந்த வெள்ளிக்கெழமைய எனக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்தீங்கள்ளங்க" என்றாள் கோகிலா. லாரிக்காரர்களிடம் பேசுகிற அந்தக் குரல் திரும்ப வந்திருந்தது. "வந்தது வந்துட்டேன். ஸ்கேன் பண்ணி, அது எப்பிடி இருக்குதுன்னு காட்டுங்க."

ஸ்கேன் அறைக்குள் டாக்டரம்மா எங்களையும் விட்டார். திரையில் ஏதோ சாம்பல் நிறத்தில் அசைந்தது. பிறகு ஒரு பொத்தானை அழுத்திச் சத்தத்தைக் கூட்டினார். அறை முழுக்க இதயம் அடிக்கும் சத்தம், தடதடவென்று.

மயிலாத்தாள் அக்கா கோகிலாவின் காலைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க டாக்டரம்மா, இத்தன வேகமா அடிக்குதே, பயந்து போயிருக்குதுங்களா?"

டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

"இல்லைங்கம்மா. இந்த வயசுல இப்படித்தான் அடிக்கும்."